அத்தியாயம் 7: பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு சீட்டு

மனநலப் பிரிவின் புறநோயாளி நாளில் வரிசையைப் பார்த்தால், ஓ.பி. சீட்டுகளைவிட ஆட்கள் அதிகமாக இருப்பார்கள். மகனை அழைத்து வந்த தாய், கணவனின் கையை விடாமல் நிற்கும் மனைவி, தங்கைக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அண்ணன் என்று ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். புதுப்பட்டினத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்து, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வீடு திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். அந்த நாளின் முடிவில் ஒருவருக்கு மருந்து எழுதப்பட்டிருக்கும். கூட வந்தவருக்குக் கிடைத்தது, "மாத்திரையை ஒழுங்கா குடுங்கம்மா" என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி போதாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கூட வந்தவரின் தூக்கத்தையும் பயத்தையும் சோர்வையும் கேட்டறிவதை அவருக்குச் செய்யும் உபகாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நோயாளியின் சிகிச்சையிலேயே ஒரு பகுதி. ஒவ்வொரு சந்திப்பிலும் அதற்கென்று சில நிமிடங்கள் தனியே ஒதுக்கப்பட வேண்டும். அதைச் செய்ய மிகப் பொருத்தமானவர் செவிலியர்.

இது வெளியிலிருந்து வந்த புது யோசனை இல்லை. நம் நாட்டு மனநல மருத்துவத்தில் குடும்பம் வெகுகாலமாக வார்டுக்குள் இருந்துவருகிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அதே காலகட்டத்தில், 1957இல், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அங்கும் உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்குவது வழக்கமாக நிலைபெற்றது. ஆள் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் நடைமுறையில் தெரியவந்தது வேறொன்று: கூடவே தங்கி, நோய் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்த உறவினர், வீட்டுக்குத் திரும்பிய பிறகு பயப்படாமல் பார்த்துக்கொண்டார். பூட்டிய மதிலுக்குள் நோயாளியை ஒப்படைத்துவிட்டுப் போன குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவில்லை. அவர் குணமாகி வாசலில் வந்து நின்றபோது அவரோடு எப்படி வாழ்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்று நமது அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளியோடு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். இருக்கச் சொல்கிறோம், ஆனால் அவருக்குக் கற்றுத்தருவதில்லை. பாகாயத்தின் பழக்கத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வீட்டுச் சூழலுக்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகள் 101 பேரைப் பின்தொடர்ந்து அவரும் சகாக்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுகடந்த தலையீடும் உள்ள வீடுகளுக்குப் போனவர்களில் 58 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது. அப்படி இல்லாத வீடுகளில் அது 16 விழுக்காடு. பின்னர் 1980களில் சண்டிகரில் இதே முறையில் ஆய்வு செய்தபோது, லண்டன் குடும்பங்களைவிட அங்குள்ள குடும்பங்களில் இந்தக் கடுமை குறைவாகவே காணப்பட்டது. நம் குடும்பங்களின் பொறுமை பற்றிப் பெருமைப்பட இதில் இடமுண்டு. ஆனால் அந்தப் பொறுமை வற்றாத ஊற்று என்று நினைத்துவிட்டால், அதைக் காப்பாற்ற நாம் எதுவும் செய்யாமல் இருந்துவிடுவோம்.

இந்த ஆய்வுகளைப் படித்த பலர் எழுப்பும் மறுப்பு நியாயமானது. "அப்படியானால் நோய்க்குக் காரணம் அம்மாதான் என்கிறீர்களா?" என்கிறார்கள். ஒரு காலத்தில் மேற்கே அப்படிச் சொன்னவர்களும் உண்டு. எத்தனையோ தாய்மார்களை அது காரணமின்றிக் காயப்படுத்தியது. குடும்பம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. மூன்று இரவு தூங்காதவர், நான்காம் நாள் காலையில் கத்துவார். அவர் கெட்டவர் என்பதால் கத்துவதில்லை, களைத்துப்போனதால் கத்துகிறார். ஆகவே 'வீட்டில் திட்டாதீர்கள்' என்று அறிவுரை சொல்லி அனுப்புவதால் ஒன்றும் நடக்காது. அந்தக் களைப்பைக் குறைத்தால் திட்டு தானாகக் குறையும். குறைகூறலைக் குடும்பத்தின் குணமாகப் பார்க்காமல், காய்ச்சலைப் பார்ப்பதுபோல் ஓர் அறிகுறியாகச் செவிலியர் பார்க்கத் தொடங்கினால், அவர் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

சுமை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதை நம் ஊர்க் குடும்பங்களிடமே கேட்டுத் தொகுத்தது சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம். டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே தாராவும் பத்மாவதியும் சகாக்களும் உருவாக்கி 1998இல் வெளியிட்ட சுமை அளவீட்டில் 40 கேள்விகள் உள்ளன. பணம், உடல்நலம், உறவுகளின் விரிசல், வெளியே போகமுடியாமை, தனக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கவலை எல்லாம் இதில் அடங்கும். தேசிய மனநல ஆய்வு, 2015-16, சிகிச்சைக்கும் போக்குவரத்துக்குமாக ஒரு குடும்பம் மாதம் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐநூறு ரூபாய் வரை செலவழிக்க வேண்டியிருக்கிறது என்றது. கடலோரக் குப்பத்தில் மீன் கூடை சுமக்கும் ஒரு பெண்ணுக்கோ, கல்பாக்கத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்பவருக்கோ அது எவ்வளவு பெரிய தொகை என்று விளக்க வேண்டியதில்லை. எண்ணில் வராத செலவுகளும் உண்டு. தங்கைக்கு வரன் பார்க்க வந்தவர்கள் அண்ணனைப் பற்றிக் கேட்டதும் எழுந்து போகிறார்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் யார் போவது, யார் வீட்டில் இருப்பது என்ற வழக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது. "செய்வினையா இருக்கும், கோவளம் தர்காவுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க" என்று பக்கத்து வீட்டார் சொல்லும்போது மறுக்கவும் முடிவதில்லை, மாத்திரையை நிறுத்தவும் பயமாக இருக்கிறது. (தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதைச் செவிலியர் தடுக்க வேண்டியதில்லை. மாத்திரையும் கூடவே போகட்டும் என்று சொன்னால் போதும். ஏர்வாடியில் அரசே பிரார்த்தனையையும் மருந்தையும் ஒரே இடத்தில் சேர்த்து 'தவா-துவா' திட்டத்தை நடத்துகிறது.)

இனி, அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது? நோயாளி மருத்துவரிடம் இருக்கும்போதோ, ஊசி போடும் அறையில் காத்திருக்கும்போதோ, கூட வந்தவரைத் தனியே ஒரு பெஞ்சில் உட்காரவையுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "இருக்கேன் சிஸ்டர்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்கம்மா? நடுவுல எத்தனை தடவை எழுந்தீங்க?" என்று கேளுங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அதன் வழியாக மற்றவை எல்லாம் தாமாக வரும். இரவில் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார் என்பது தெரியவரும். தன் சர்க்கரை மாத்திரையை இரண்டு மாதமாக வாங்கவில்லை என்பதும், அரிவாள்மனையையும் மண்ணெண்ணெயையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் வெளியே வரும். அடுத்து, "வீட்டுல உங்களுக்கு மாத்தா யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வி, "எதை நினைச்சா ரொம்ப பயமா இருக்கு?" என்பது. இந்த மூன்றுக்கும் வந்த பதிலை நோயாளியின் கேஸ் ஷீட்டிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த மாதம் வேறொரு செவிலியர் பணியில் இருந்தாலும் கேள்வி அங்கிருந்து தொடரும். எழுதாமல் விட்டால், கேட்டது அன்றோடு போய்விடும்.

குடும்பத்துக்குக் கற்றுத்தர வேண்டியவை பல. மருந்தை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதைவிட முக்கியமான ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மனச்சிதைவு நோயில் குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் மருந்தால் அடங்கிய பிறகு, வேறொன்று மிச்சமிருக்கும். எழுந்திருக்க மனம் வராது, குளிக்கத் தோன்றாது, பேச்சு ஒற்றை வார்த்தையாகச் சுருங்கும், முகத்தில் சிரிப்போ அழுகையோ தெரியாது. காலை ஒன்பது மணி ஆகியும் போர்வைக்குள் கிடக்கும் இருபத்தெட்டு வயது மகனைப் பார்த்து, கத்தல் நின்றுவிட்டதே, நோய் போய்விட்டது, இப்போது இவன் சோம்பேறித்தனம் செய்கிறான் என்று குடும்பம் நம்பத் தொடங்குகிறது. வீட்டில் நடக்கும் திட்டில் பெரும்பங்கு இங்கிருந்து பிறக்கிறது. "அது சோம்பல் இல்லம்மா, வியாதியோட இன்னொரு பாதி. சத்தம் போட்டா அது இன்னும் உள்ளே போய்டும்" என்று ஒரு முறை தெளிவாகச் சொன்னால், பல வீடுகளில் குரலின் உயரம் இறங்கிவிடும். கூடவே ஒரு வழியும் சொல்ல வேண்டும்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை, தினமும் அதே நேரத்தில், கூட ஒருவர் நின்று செய்வது. குடம் தண்ணீர் பிடிப்பது, மாடிச் செடிக்கு ஊற்றுவது, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவது எதுவானாலும் சரி. செய்ததைச் சொல்லிக்காட்ட வேண்டும், செய்யாததைச் சொல்லிக்காட்டக் கூடாது. மாத்திரையின் மயக்கமும் இதில் சேர்ந்திருக்கலாம், ஆகவே பகல் முழுக்கத் தூங்குகிறார் என்றால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் செவிலியரின் வேலை.

மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது இன்னொரு விஷயம். நோயாளி மறுக்கும்போது ரசத்திலோ காபியிலோ தெரியாமல் கலப்பது நம் வீடுகளில் பரவலான வழக்கம் என்பதை ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் 2002இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் கண்டிக்கத் தொடங்கினால் அடுத்த முறை குடும்பம் உண்மையைச் சொல்லாது. ஏன் மறுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும், "கை நடுங்குது, நாக்கு தடிக்குது, உட்கார முடியல" என்பதே அவர் பக்கத்துக் காரணமாக இருக்கும். மருந்தின் அந்தப் பக்கவிளைவுகளுக்கு மாற்று உண்டு. மாதம் ஒரு முறை போடும் ஊசியும் சிலருக்குப் பொருந்தும். கலந்து கொடுத்தது ஒருநாள் தெரிந்துவிட்டால், ஏற்கெனவே விஷம் வைக்கிறார்களோ என்ற சந்தேகத்தில் தவிப்பவருக்கு அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடும். வீட்டில் சாப்பிடுவதையே விட்டுவிடுவார். இதைக் குடும்பத்திடம் விளக்கிச் சொல்வது, கண்டிப்பதைவிடப் பலன் தரும்.

மருத்துவமனைச் செவிலியர்கள் சொல்லும் முதல் மறுப்பு நேரம். ஒரே காலையில் நூறு பேரை அனுப்ப வேண்டிய இடத்தில் தனிப் பெஞ்சுக்கும் மூன்று கேள்விக்கும் எங்கே நேரம் என்கிறார்கள். வேலைப்பளு பற்றிய அந்தப் புகார் உண்மை. ஆனால் இந்த வேலை முழுவதையும் மருத்துவமனைக்குள்ளேயே, பயிற்சி பெற்ற செவிலியரே செய்ய வேண்டும் என்பதில்லை என்று காட்டிய ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது. மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சமூக அளவில் பராமரிப்பு கொடுத்துப் பார்த்த 'காப்சி' ஆய்வு கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, தமிழ்நாட்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் ஆகிய இடங்களில் நடந்தது. 2019இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம் அப்போது காஞ்சிபுரத்தோடு சேர்ந்திருந்தது. மொத்தம் 282 நோயாளிகள். அவர்களில் 187 பேரின் வீடுகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சமூகப் பணியாளர்கள் சென்று நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசினார்கள். மற்ற 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். 2014இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தபோது, வீட்டுக்குப் போன குழுவில் அன்றாடச் செயல்பாட்டின் முடக்கம் ஓரளவு குறைந்திருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அறிகுறிகளும் தெளிவாகவே குறைந்திருந்தன.

ஓரளவுதானே, அதற்கு இவ்வளவு பாடா என்று கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அறிகுறிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்களின் விகிதம் இரு குழுவிலும் ஒன்றாகவே இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மருத்துவமனைகளே எட்டாத கிராமத்தில் பலன் அதிகமாகத் தெரிந்தது என்பதை எடைபோட வேண்டும். வசதி குறைந்த இடத்தில்தான் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து பேசுவது பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். மனநோயாளி உள்ள வீட்டில் தாயின் தூக்கத்தைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வி கேட்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவுக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு நிச்சயம் செய்யத்தக்கது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. குடும்பத்தின் பக்கம் இவ்வளவு சாய்ந்தால் நோயாளியின் உரிமை என்னாவது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. இந்த மறுப்பை எழுப்புபவர் தவறாகச் சொல்லவில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயுள்ள எவரையும் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. நோயாளி தனக்கான நியமனப் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அது அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நண்பராகவும் இருக்கலாம். அவரது நோய் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். ஆகவே அந்தத் தனிப் பெஞ்சில் செவிலியர் கேட்க வேண்டியது பார்த்துக்கொள்பவரைப் பற்றி. நோயாளி சொன்னதை அங்கே போய்ச் சொல்லக் கூடாது. நோயாளிக்கும் அதே அளவு தனிமையான நேரம் கிடைக்க வேண்டும், "வீட்டுல உங்களை யாராவது அடிக்கிறாங்களா, கட்டிவைக்கிறாங்களா?" என்று அவரிடமும் கேட்க வேண்டும். அடிக்கிறார்கள் என்றால் அங்கே குடும்பத்துக்கு ஆறுதல் சொல்வது நிறுத்தப்பட்டு, நோயாளியின் பாதுகாப்பு முதலாவதாக வர வேண்டும். ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள்: பல வீடுகளில் சங்கிலி வருவது வெறுப்பால் அல்ல, இரவு இரண்டு மணிக்கு அவர் நெடுஞ்சாலைப் பக்கமோ கடற்கரைப் பக்கமோ ஓடிவிடுவார் என்ற பயத்தால். அந்தப் பயத்தை ஆறு மாதம் முன்பே யாராவது கேட்டிருந்தால், மருந்தை மாற்றியிருக்கலாம், சில நாள் வார்டில் சேர்த்திருக்கலாம். குடும்பத்தைக் கேட்பது நோயாளியின் உரிமைக்கு எதிரி என்று நான் நினைக்கவில்லை. கேட்காமல் விட்ட குடும்பமே கடைசியில் பூட்டைத் தேடுகிறது.

மூன்றாவது மறுப்பு குடும்பத்திடமிருந்தே வரும். "என் புள்ளைய நான் பாக்காம யார் பாப்பா? இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்பார்கள். இந்த வார்த்தையின் அன்பை மதியுங்கள், ஆனால் அதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் இதைச் சொல்பவர் பெண், வயதானவர். அந்த வீட்டில் அவர் ஒருவர் மட்டுமே இந்த வேலையைச் செய்கிறார். ஆகவே செவிலியர் அடுத்த முறை மூத்த மகனையோ மருமகனையோ அழைத்துவரச் சொல்லலாம். மருத்துவமனைக்கு வருவதை ஒரு மாதம் ஒருவர், மறுமாதம் இன்னொருவர் என்று பங்கிடச் சொல்லலாம். வாரத்தில் ஒரு மாலை அம்மா எங்காவது போய்வரட்டும் என்று மருத்துவமனை சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால், அது வீட்டில் ஒரு அனுமதிக் கடிதம்போல் வேலை செய்யும்.

இவர்கள் எல்லோருக்கும் உள்ளே இருக்கும் கேள்வி, "எனக்கப்புறம்?" என்பது. நோய் காரணமாக மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றி சென்னையில் தாராவும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் வயதாகிவரும் பெற்றோர் என்பதையும், அந்தப் பெற்றோரின் கவலை இதே கேள்வி என்பதையும் காட்டியது. இதற்கு "கவலைப்படாதீங்க" என்பது பதிலாகாது. வேலைகளாகப் பிரித்துக் கொடுப்பதே பதில். மனநோய்க்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் உண்டு, முடக்கம் 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அதற்குரிய சலுகைகளும் உண்டு. அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்று எழுதிக் கொடுங்கள். நோயாளியின் பெயரில் வங்கிக் கணக்கு, அவரே கையெழுத்திட்ட நியமனப் பிரதிநிதி, மருந்துப் பெயர்கள் எழுதிய ஒரு நோட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக இந்த வருடமே செய்து முடிக்கச் சொல்லுங்கள். வீடு இல்லாமல் போகும் நிலை வந்தாலும் காப்பகச் சுவருக்குள் அடைபடுவது மட்டுமே வழி என்றில்லை: கோவளம் பக்கத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் 'தி பேனியன்' அமைப்பு 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில், நீண்டகாலம் காப்பகத்தில் இருந்தவர்களை ஊருக்குள் வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. அப்படியும் வாழ முடிகிறது என்று தெரிவதே எத்தனையோ பெற்றோரின் இரவைக் கொஞ்சம் இலகுவாக்கும்.

கடைசியாக, தள்ளிப்போடக் கூடாத ஒன்று. பார்த்துக்கொள்பவர் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ, "ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர்ந்துடலாம்னு இருக்கு" என்ற வார்த்தை வாயில் வந்தாலோ, அதைச் சலிப்பில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே அவர் பெயரில் தனி ஓ.பி. சீட்டு போட்டு, அதே மருத்துவரிடம் அவரையும் காட்டுங்கள். அதற்குள் இரவாகிவிட்டால், 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அழைப்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.